இல்லத்து வைஃபை வலையும் அதன் நிலைபொருளும்

கல்லூரிச் சேர்க்கையும், தேர்வு முடிவும், வங்கிக் கணக்கும், நிலத்துப் பட்டாவும் இந்நாளில் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் அவ்விணையம் நம் வீட்டு வாயிலை எய்திய பின்னர் அறைக்கு அறை எவ்வாறு பரவுகின்றது, பரவாமல் இடையே ஏன் மடிகின்றது என்பதை அறிந்தோர் சிலரே. விளக்கு எரியாவிடில் கம்பியையும் பல்பையும் பார்க்கத் தெரிந்த நாம், வைஃபை நின்றுவிட்டால் பெட்டியை ஒருமுறை அணைத்து மீண்டும் ஏற்றுவதோடு நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றோம். அவ்வாறு இருந்தமையால் என் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இடரையும், அதன் காரணத்தைத் தேடப் புகுந்து யான் கற்றவற்றையும் மாணவ அன்பர்க்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சார்ந்த இரும்பை என்னும் சிற்றூர் ஆரோவில்லுக்கு அணித்தாக உள்ளது. ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் திருக்கோயிலால் அவ்வூரைப் பலர் அறிவர். செம்மண் பூமி, பனையும் முந்திரியும் மிக்க இடம். அங்கே என் தமக்கையார் இல்லம் இரு காலத்துக் கட்டிடம். கீழ்க்கட்டு ஒன்றரை அடிக் கனமுள்ள பழைய செங்கற் சுவர்களால் ஆயது. மாடியறை பின்னாளில் கம்பி கட்டிய கான்கிரீட்டால் எழுப்பப்பட்டது. கொல்லைப்புறத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் தொலைவில் அத்தான் தம் நாற்றுப் பண்ணைக் கணக்கு எழுதும் தகரக் கொட்டகை இருக்கின்றது. இம்மூன்றிடத்தும் வைஃபை வேண்டுமென்று, கடைக்காரர் சொற்படி நான்கு பெட்டிகள் கொண்ட மெஷ் சாதனம் ஒன்றை வாங்கி வைத்தார்கள். தலைப்பெட்டி ஒன்று, கிளைப்பெட்டிகள் மூன்று. நாலில் ஒன்றேனும் சிவப்பு விளக்குக் காட்டாத நாள் அரிது.

2024ஆம் ஆண்டு ஆடித் திங்களில் தமக்கையார் மகள் பொறியியற் கலந்தாய்வில் இருந்தாள். அக்கலந்தாய்வு 2018 முதல் இணைய வழியே நடப்பது. ஒதுக்கப்பெற்ற இடத்தை ஏற்கிறேன் என்று அவள் உறுதி செய்யவேண்டிய கடைசி நாள் மாலை 5 மணிக்குக் கெடு. அன்று விடியலில் எழுந்து பார்த்தால் கிளைப்பெட்டிகள் மூன்றும் சிவந்திருந்தன. தலைப்பெட்டி மட்டும் ஏதோ எரிந்தும் அணைந்தும் கொண்டிருந்தது. அணைத்து ஏற்றினார்கள், பயனில்லை. நிறுவனத்தின் தொலைபேசி எண்ணில் அத்தான் நண்பகல் வரை இசை கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசியிலேயே இணையம் இருந்ததன்றோ என்று வினவுவீர்கள். இருந்தது, ஆனால் அந்தச் சுவர்களுக்குள் கோபுர அலை ஒரு கோட்டிற்கு மேல் ஏறுவதில்லை. முடிவில் அப்பெண் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் வெயிலில் நின்று, நான்காம் முறை முயன்று, 4 மணி 40 நிமிடத்திற்கு உறுதி செய்தாள். இடம் கிடைத்தது. இருபது நிமிடம் கழிந்திருந்தால் கிடைத்திராது.

அவ்வாரச் சனிக்கிழமை யான் அங்குச் சென்றேன். "தம்பி, ஒரு பெட்டி இருந்தபோது ஓரிடத்திலாவது கிடைத்தது, நான்கு வந்த பின் ஓரிடத்தும் இல்லையே! இஃது என்ன நியாயம்?" என்று தமக்கையார் கேட்டார்கள். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

நிற்க. வைஃபை என்பது வானொலி அலையே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12½ சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதனிற் பாதிக்கும் சற்றுக் குறைவு. இத்தகைய குற்றலைகளை நம் நாட்டிலேயே முதன்முதல் ஆக்கிக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ் என்பதை மாணவர் மறத்தலாகாது. அவர் 1895ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் பலர் காண அலையைச் சுவரூடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். சுவரூடே செல்லும் என்பது உண்மை. ஒவ்வொரு சுவருக்கும் சுங்கம் செலுத்தியே செல்லும் என்பதும் உண்மை. கனத்த செங்கற்சுவர் ஒரு பங்கைக் கவரும். கம்பி வலை பொதிந்த கான்கிரீட் அதனினும் மிகுதியாகக் கவரும். தகரக் கூரையும் இரும்புப் பீரோவும் அலையைத் திருப்பி எறிந்துவிடும். நீர் அதனை விழுங்கும். ஆதலால் மாடித் தொட்டியும், மழையில் நனைந்த முந்திரி இலையும், ஈரம் ஏறிய மண்சுவரும் அலைக்குத் தடையே. ஐப்பசி கார்த்திகையில் கொட்டகைக்கு வைஃபை எட்டாமற் போவதற்குப் பெட்டியின் மேற் பழி சுமத்திப் பயனில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது, ஆயினும் சுவர்களிடம் மிக எளிதில் தோற்பது; 2.4 மெதுவாயினும் தொலைவு செல்வது. இரண்டாவது வகைக்கு இன்னொரு பகையும் உண்டு. சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ அதே அலையிலேயே வேலை செய்கின்றது!

மெஷ் என்பதன் கருத்து யாதெனில், ஒரு பெட்டியின் அலை எட்டாத இடத்திற்கு மற்றொரு பெட்டி அதனை வாங்கி அப்பால் அனுப்புதல். வைக்கோற்போரில் தீப்பற்றியபோது ஊரார் ஏரி முதல் களம் வரை வரிசையாய் நின்று குடத்தைக் கைமாற்றுவர் அன்றோ? அதனை நினைக்க. நடுவில் நிற்பவன் ஒருபுறம் திரும்பிக் குடம் வாங்குகையில் மறுபுறம் கொடுத்தல் இயலாது. அவ்வாறே, ஒரே அலையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டிய கிளைப்பெட்டி, காலத்தைப் பங்கிட்டே தொழில் செய்கின்றது. வாயிலில் 100 மெகாபிட் வேகம் வந்தால் முதற்கிளையின் அப்பால் அதிற் பாதியளவே எஞ்சும். இரண்டாங்கிளை முதற்கிளையை நம்பியிருந்தால் மூன்றிலொன்றோ அதனினும் குறைவோ ஆம். பெட்டிகளிடையே பேசுதற்கென்றே தனி அலை வைத்த உயர்ந்த வகைக் கருவிகளில் இக்குறை பெரிதும் நீங்கும். அவற்றிற்கு விலையும் அதிகம்.

என் தமக்கையார் வீட்டில் நேர்ந்தது இதுவே. மாடிப்பெட்டி தலைப்பெட்டியினின்று வாங்கியது. சமையற்கட்டுப் பெட்டி மாடிப்பெட்டியினின்று வாங்கியது. கொட்டகைப் பெட்டி சமையற்கட்டினின்று வாங்கியது. வட்டமாய் நிற்கவேண்டியவர் வரிசையாய் நின்றுவிட்டனர். மேலும் ஒவ்வொரு பெட்டியும் வைஃபை 'இல்லாத' இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. பலரும் செய்யும் தவறு இது. அலை எட்டாத அறையின் நடுவே கிளைப்பெட்டியை வைத்தால் அதற்கும் அலை எட்டாது. எட்டாததை அஃது எங்ஙனம் பிறர்க்கு வழங்கும்? நல்ல அலை உள்ள இடத்தின் எல்லையில், குறையுள்ள அறைக்குப் பாதிவழியில் அதனை நிறுத்தல் வேண்டும். தமக்கையார் கேள்விக்கு விடை இதிலேயே அடங்கியது. இடம் அறிந்து வைத்த இரண்டு, அறியாது வைத்த நான்கினும் நன்று. பெட்டி மிகுந்தால் அவை ஒன்றன் பேச்சினை மற்றொன்று இடைமறித்தலும் மிகும்.

இன்னும் ஒன்று உண்டு. அதனை அறிந்தபோது யானே வியந்தேன். அறைக்கு அறை நடக்கும்போது எப்பெட்டியைப் பற்றுவது என்று தீர்மானிப்பது பெட்டியன்று, நம் கைப்பேசியே. அருகில் வேறு பெட்டி உள்ளது, அதனிடம் செல்க என்று வலை குறிப்பால் உணர்த்தலாம். அதற்கென விதிகளும் உண்டு. கைப்பேசி கேளாதிருந்தால் வலை ஒன்றும் செய்தற்கில்லை. பழங்கைப்பேசிகள் சில, முதலிற் பற்றியதைக் கடைசி மூச்சு வரை விடுவதில்லை. அத்தான் கொட்டகையில் இருந்துகொண்டு கூடத்துப் பெட்டியையே பற்றியிருப்பார். அவர் கைப்பேசியின் வைஃபையை ஒருமுறை அணைத்து ஏற்றினால், அருகிலிருந்த பெட்டியைப் பற்றி நொடியில் ஓடும். பல மாதம் அவர் மாற்ற எண்ணியது பெட்டியை. பழுதோ அவர் சட்டைப்பையில் இருந்தது.

சானல் என்பதைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்னும் மூன்று சானல்களே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்பன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் மிகுதி. 2018இல் இந்திய அரசு அப்பகுதியில் பெரும்பாகத்தை உரிமச்சீட்டு இன்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆயினும் அவற்றுள் 52 முதல் 144 வரையுள்ள சானல்களில் ரேடார்களுக்கே முதலுரிமை. அங்குப் புகும் ரவுட்டர் பேசத் தொடங்குமுன் ஒரு நிமிடமேனும் வாய்மூடிக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். பேசிக்கொண்டிருக்கையில் ரேடார் ஒலி கேட்டால் 10 நொடிக்குள் அவ்விடத்தை விட்டு நீங்கி, அரைமணி நேரம் திரும்பலாகாது. காரணமின்றி வலை ஒரு நிமிடம் அற்றுப் பின் தானே வருமாயின் இதனையும் ஐயுறுக. சில மலிவான கருவிகள் இச்சானல்களைக் காணவே மாட்டா. அவற்றிற்கு வலை மறைந்துபோனதாகவே தோன்றும்.

இனி நிலைபொருளுக்கு வருவோம். ரவுட்டர் என்பது வெறும் கம்பிப்பெட்டி அன்று. அதுவும் ஒரு சிறு கணினியே. அதன் நினைவகத்தில் உறைந்து நின்று அதனை இயக்கும் நிரலே நிலைபொருள். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து ஃபர்ம்வேர் என்றும் வழங்குவர். உற்பத்தியாளர் அதிற் பிழை கண்டு திருத்தும்தோறும் புதிய பதிப்பை வெளியிடுவர். நூலாசிரியர் பிழைதிருத்தம் வெளியிடுவதை ஒக்கும். நூலில் பிழை நின்றால் படிப்பவர் சிரிப்பர். நிலைபொருளிற் பிழை நின்றால் கள்வர் சிரிப்பர்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில், கர்நாடகம் முதலிய இடங்களில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர் இல்லங்களில் இருந்த ஏறக்குறைய 60,000 மோடம்கள் தீநிரல் ஒன்றினால் தாக்குண்டு செயலிழந்தன. அவை பெரும்பாலும், ஆலையிலிருந்து வந்தபோது இட்ட 'அட்மின்' என்னும் பொதுக் கடவுச்சொல் மாற்றப்படாதவை. பிரிக்கர்பாட் என்று பெயர் பெற்ற வகைத் தீநிரல், இவ்வாறு கதவு திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் புகுந்து அவற்றின் நினைவகத்தையே அழிக்கவல்லது. ஒன்றும் திருடவில்லை, வீட்டார் யாது குற்றம் செய்தார் என்றும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் யாவரும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு பின்னர் அறிவிக்கப்பட்டது. முந்திய ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ஏறத்தாழ 9,00,000 ரவுட்டர்கள் இத்தகைய தாக்குதலால் இணைப்பிழந்தன; அங்கு மருந்தாக வந்தது புதிய நிலைபொருளே.

அதே 2017ஆம் ஆண்டு அக்டோபரில் பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப் மற்றொரு செய்தியை வெளியிட்டார். வைஃபையைக் காக்கும் டபிள்யூ.பி.ஏ.2 என்னும் மறையீட்டு முறையில், கருவியும் ரவுட்டரும் கைகுலுக்கும் நான்கு செய்திகளுள் மூன்றாவதைத் திரும்ப அனுப்பினால், பழைய சாவியையே கருவி மீண்டும் பூட்டிக்கொள்ளும். அவ்வாறு பூட்டும்போது எண்ணிக்கை தொடக்கத்திற்குத் திரும்புவதால், அருகிலிருப்போன் இரகசியத்தை அவிழ்க்கலாம் என்பது அது. இக்குறை பெரிதும் கைப்பேசி முதலிய பற்றுகின்ற கருவிகளைச் சார்ந்தது; தனித்து நிற்கும் ரவுட்டர்க்கு அத்துணை அச்சமில்லை. ஆனால் மெஷ் வலையின் கிளைப்பெட்டியோ தலைப்பெட்டியைப் பற்றுகின்ற கருவியுமாம். எனவே மெஷ் வைத்த இல்லத்தார்க்கு அவ்வாண்டுத் திருத்தம் இன்றியமையாததாயிற்று. எத்தனை இல்லத்தார் அதனை ஏற்றினர் என்பதை எண்ணினால் சிரிப்பு வரவில்லை.

இவற்றைக் கேட்ட அத்தான், "ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் கைவைத்துத்தானே நம் வீட்டில் அன்று எல்லாம் நின்றது?" என்றார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அன்றிரவு 3 மணியளவில் தலைப்பெட்டி, தானே புதுப்பித்துக்கொள்க என்னும் ஆலைக் கட்டளைப்படி புதிய பதிப்பை ஏற்றியது. பின் மாடிப்பெட்டிக்கு அதனை அனுப்பி, அது தன் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் இரும்பையில் மின்சாரம் போயிற்று. எழுதிய பாதியும் எழுதாத பாதியுமாய் நின்ற நிரல் மீண்டும் எழவில்லை. இவ்வாறான பெட்டியைப் பிரிக் ஆயிற்று என்று பழுது பார்ப்போர் கூறுவர். இனிச் சுவர் கட்டுதற்கே உதவும் என்பது பொருள். மாடிப்பெட்டி மாண்டதால் அதனை நம்பிய சமையற்கட்டும், அதனை நம்பிய கொட்டகையும் துணையிழந்தன. தலைப்பெட்டியோ புதிய பதிப்பின் விருப்பப்படி ரேடார் சானல் ஒன்றிற் குடியேறியிருந்தது; பெண்ணின் பழைய மடிக்கணினிக்கு அது புலப்படவில்லை. குற்றம் ஒன்றன்று, நான்கு. ஒவ்வொன்றும் தனியே வந்திருந்தால் பெரிதாயிராது.

புதுப்பிப்பின் வழியே வரும் கேடு பெரிதாதலும் கூடும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 25 முதல் 27 வரையுள்ள 72 மணி நேரத்திற்குள் அமெரிக்காவில் ஒரே இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளரிடமிருந்த 6,00,000க்கு மேற்பட்ட ரவுட்டர்கள் உயிரிழந்தன. தீயோர் எவ்வாறோ உட்புகுந்து அவற்றின் நிலைபொருளைக் கெடுத்தனர்; பெட்டிகளையே மாற்றிக் கொடுக்கவேண்டியதாயிற்று. ஆகவே புதுப்பியாமல் இருப்பதும் இடர், புதுப்பித்தலும் இடர். என் கருத்தில் முன்னது பெரிது. பின்னதன் இடரை நாம் நேரம் பார்த்து, மின்சாரம் பார்த்துப் பெரும்பாலும் தடுக்கலாம். முன்னதன் இடர் நாம் உறங்கும்போது வருவது, எவரிடமிருந்து வருவதென்றும் தெரியாது.

தடுக்கும் வகை இது. முதலாவது மின்சாரம். தலைப்பெட்டி ஒன்று ஏறத்தாழ 10 வாட் மின்சாரமே உண்ணும். 12 வோல்ட்டில் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறு யு.பி.எஸ். ஒன்று, 30 வாட்-மணி மின்கலம் உடையதாயின், மூன்று மணி நேரமளவு தாங்கும். நிலைபொருள் எழுதப்படுவதோ சில நிமிடமே. இதற்கு வீடு முழுவதுக்குமான இன்வெர்ட்டர் தேவையில்லை. ஃபைபர் கம்பி வந்து சேரும் நிறுவனத்தின் பெட்டிக்கும் அதே யு.பி.எஸ்.ஸிலிருந்து மின்சாரம் கொடுத்தல் வேண்டும், அது மறந்துபோகும்.

இரண்டாவது வரிசை. உற்பத்தியாளர் வேறு கூறாவிடில், கிளைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக முதலிற் புதுப்பித்துத் தலைப்பெட்டியை இறுதியிற் புதுப்பித்தல் நன்று. தலை முந்திப் புதுமை அடைந்து, பழைய கிளையோடு பேச மறுத்தால், அக்கிளைக்குப் புதிய பதிப்பை அனுப்பவே வழியில்லாமற் போகலாம். கிளையைப் புதுப்பிக்கும்போது கூடுமாயின் அதனைத் தலைப்பெட்டியருகே கொணர்ந்து கம்பியால் இணைத்துச் செய்க. அலையில் அனுப்பும் நிரல் இடையில் அறுவதற்கு வாய்ப்புண்டு. கம்பியில் மிகக் குறைவு. சில கருவிகளில் நினைவகம் இருகூறாக இருந்து, ஒரு கூறில் பழைய பதிப்பு நிற்க மறுகூறில் புதியது எழுதப்படும். எழுத்து அறுபட்டாலும் பழையதைக் கொண்டு எழும். வாங்குமுன் இதனை வினவி வாங்குக. கடைக்காரர் அறியார், ஆயினும் வினவுக.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தானே புதுப்பித்தலை முற்றிலும் நிறுத்தி, பின் மறந்துவிடுவது பெரும்பாலோர் செய்கை, அது தகாது. நிறுத்தினால் மாதம் ஒரு நாளைக் குறித்து நாமே பார்த்தல் வேண்டும். அது இயலாதார் தானியங்கு முறையை விட்டுவைத்து, யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வைப்பதே மேல். தேர்வு, நேர்காணல், கலந்தாய்வு ஆகியவற்றிற்கு முந்திய நாளில் ஒருவரும் புதுப்பித்தலைத் தொடவேண்டா. புதுப்பித்த பின் பழைய அமைப்புகள் நின்றனவா, சானல் மாறியதா, கடவுச்சொல் ஆலைச்சொல்லுக்குத் திரும்பியதா என்று நோக்குக. உற்பத்தியாளர் வெளியிடும் குறிப்பில் 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்னும் ஒரே வரிதான் பெரும்பாலும் இருக்கும். பணம் கொடுத்து வாங்கியோனுக்கு யாது மாற்றினோம் என்று சொல்ல இத்துணை வெட்கம் எதற்கோ! சில ஆண்டு கழிந்தபின் அவ்வொரு வரியும் வாராது. திருத்தம் நின்றுபோன பெட்டி நன்றாக ஓடினும் அதனை வாயிலில் வைத்தல் கூடாது. ஓபன்டபிள்யூ.ஆர்.டி. போன்ற பொதுநிரல், அத்தகைய பழம்பெட்டிகள் பலவற்றிற்கு மறுவாழ்வு அளிக்கின்றது. 2004 முதல் தொண்டர் பலர் கூடி வளர்த்துவரும் அந்நிரலை ஏற்றும் திறம், கணினிப் பாடம் பயிலும் நம் மாணவர்க்கு எளிதே. முதன்முறை வேறு பெட்டியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றுக.

கம்பியில்லா வலை இப்பகுதிக்குப் புதிதன்று என்பதையும் ஈண்டு நினைவுகூரத் தகும். 1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவையை அடுத்த வில்லியனூரை நடுவாகக் கொண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களை வானொலிக் கருவிகளாலும் தொலைபேசியாலும் இணைத்து அறிவு நிலையங்கள் அமைத்தது. மின்சாரத்தை நம்ப இயலாமையால் சூரிய ஒளி மின்கலங்களைத் துணை வைத்தனர். வீராம்பட்டினத்து மீனவர், கடலலையின் உயரத்தை ஒலிபெருக்கியிற் கேட்டுப் படகிறக்கினர். அச்செய்தி அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தினின்று எடுக்கப்பெற்றது. அந்நிலையங்களை நடத்தியோர் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்மக்களே. கருவியருகே அதனை அறிந்தவர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்று அமைத்தவர்கள் கருதினர். இன்று கருவிகள் நூறு மடங்கு வேகமுடையன. வீட்டில் அவற்றை அறிந்தவர் மட்டும் இல்லை.

இரும்பை இல்லத்தில் என்ன செய்தோம் எனின், மாண்ட மாடிப்பெட்டியைக் கழித்தோம். தலைப்பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்த மரப்பெட்டியினின்று எடுத்துக் கூடத்தின் நடுவில் ஆளுயரத்தில் ஏற்றினோம். மாடிக்குப் பெட்டி தேவைப்பட்டதால், சமையற்கட்டுப் பெட்டியை அங்குக் கொண்டுபோய்த் தலைப்பெட்டியிலிருந்து ஈதர்நெட் கம்பியால் இணைத்தோம். கம்பி 100 மீட்டர் வரை செல்லவல்லது, இங்கு வேண்டியதோ 14 மீட்டர். கூடத்தின் நடுவிலிருந்து வரும் அலையே சமையற்கட்டிற்குப் போதுமாயிற்று. கொட்டகைக்குச் செம்புக்கம்பி இழுக்க அத்தான் விரும்பினார், யான் தடுத்தேன். திறந்த வெளியில் செல்லும் செம்புக்கம்பி, வடகிழக்குப் பருவத்து இடிமின்னலில் வீட்டுக்குள் மின்னை அழைத்து வரும். அதற்குப் பதிலாக ஃபைபர் இழை புதைத்தோம். அது கண்ணாடியாதலின் மின்னைக் கடத்தாது. சானலை 36இல் நிறுத்தினோம். பொதுக் கடவுச்சொல்லை மாற்றினோம். இவை யாவற்றிற்கும் ஒரு சனியும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் ஆயின.

அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுவையருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் முழுதும் வெள்ளக்காடாயிற்று. மயிலத்திலும் புதுவையிலும் ஏறத்தாழ அரை மீட்டர் மழை ஒரு நாளிற் பொழிந்தது. யு.பி.எஸ். முதன்முறையாகத் தன் தொழிலைச் செய்தது; மின்சாரம் போன பின்னும் வீட்டுக்குள் நான்கு விளக்கும் பச்சையாய் எரிந்தன. நள்ளிரவுக்கு மேல் தெருவிலுள்ள ஃபைபர் கம்பி மரம் விழுந்து அறுந்தது. அதன் பின் எல்லாம் பச்சையாய் இருந்தும் இணையம் இல்லை. "உன் பெட்டிகள் மூன்றும் நன்றாய் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தம்பி, ஊரோடு பேசத்தான் ஆளில்லை" என்று தமக்கையார் மறுநாள் அயல்வீட்டாரின் கைப்பேசியில் அழைத்துச் சொன்னார்கள். நான்காம் விளக்கு நிறுவனத்தின் பெட்டியுடையது.

கம்பி ஒட்டப்பட ஒன்பது நாள் ஆயின. இணைப்பு மீண்ட அன்று தலைப்பெட்டிக்குப் புதிய பதிப்பு ஒன்று காத்திருந்தது. தமக்கையார் மகள் அதனை உடனே தொடவில்லை. யு.பி.எஸ். முழுதும் ஏறும் வரை இரண்டு நாள் பொறுத்து, கொட்டகைப் பெட்டியைக் கூடத்திற்குக் கொணர்ந்து கம்பியில் இணைத்துப் புதுப்பித்து, பின் மாடிப்பெட்டியை, பின் தலைப்பெட்டியைப் புதுப்பித்தாள். மூன்றுக்கும் 25 நிமிடம் ஆயின என்றும், சானல் தானே 100க்கு மாறியிருந்ததைத் திரும்ப 36இல் வைத்ததாகவும் எனக்குக் கடிதம் எழுதினாள். பதிப்பு எண்ணும் நாளும் குறித்த தாள், மின்சார அளவுப்பெட்டியின் கதவு உட்புறத்தில், பால் கணக்கின் அருகே ஒட்டப்பட்டுள்ளது.